எர்ன்ஸ்ட் அபே: நுண்ணோக்கியின் குறை களைந்த பெரியார்

கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுலகத்தை மனிதன் காணுமாறு செய்த கருவி நுண்ணோக்கி. கல்லூரியில் உயிர்நூல் பயின்ற மாணவர் எவரும் அதனைக் கையாண்டே இருப்பர். அக்கருவியில் பொருளை வைக்கும் மேடைக்குக் கீழே, ஒளியைத் திரட்டி மேல்நோக்கிச் செலுத்தும் வில்லைத் தொகுதி ஒன்று உண்டு. அதனை அபே கண்டென்சர் என வழங்குகின்றோம். அப்பெயரை நாள்தோறும் சொல்லும் நாம், அதற்குரியவர் யாவர், அவர் உலகிற்குச் செய்த உதவி யாது என்று ஆராய முயல்வது அரிது. நுண்ணோக்கியின் குறைகளுள் நீக்கத்தக்கவை இவை, நீக்கவொண்ணாதது இது என்று கணித முறையால் வரையறுத்துக் காட்டியவர் அவரே. அப்பெரியாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனி தேசத்தின் நடுவே துரிங்கியா என்னும் காடும் மலையும் சூழ்ந்த நாட்டில் ஐஸனாக் என்பது ஒரு நகரம். இசை வல்லுநராகிய பாக் என்பார் பிறந்த ஊரும் அதுவே. அந்நகரத்தில் 1840ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23ஆம் நாள் எர்ன்ஸ்ட் அபே பிறந்தார். அவர் தந்தையார் ஒரு நூற்பாலையில் தொழிலாளியாக இருந்து பின்னர் மேஸ்திரியாக உயர்ந்தவர். அக்காலத்தில் ஆலைத் தொழிலாளர் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் உழைத்தனர். வேலை மிகுந்த நாட்களில் அது பதினாறு மணியாகவும் நீளும். இடையே உணவிற்கென ஓய்வு கிடையாது. நண்பகலில் சிறுவன் அபே தந்தையார்க்கு உணவு எடுத்துச் செல்வதுண்டு. தந்தையார் இயந்திரத்தின் அருகிலேயே நின்று விரைந்து உண்டு, கலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீண்டும் வேலையிற் புகுவார். வலிமை மிக்க உடம்பினராகிய அவர் இளமையிலேயே தளர்ந்து முதுமைக் கோலம் எய்தியதை மகன் கண்டார். அக்காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவேயில்லை என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை நமக்கு நன்கு புலப்படுத்தும்.

சிறுவனுடைய அறிவுக் கூர்மையைக் கண்ட ஆலை உரிமையாளர் அவன் கல்விக்குப் பொருளுதவி செய்தனர். 1857இல் உயர்தரப் பள்ளிக் கல்வியை முடித்த அபே, யேனா சர்வகலாசாலையில் இரண்டாண்டு பயின்றார். பின்னர்க் கோட்டிங்கன் நகரம் சென்றார். அங்கே கணித மேதையாகிய ரீமான், பௌதிக வல்லுநராகிய வில்ஹெல்ம் வேபர் முதலியோர் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். 1861இல், வெப்பமும் இயக்க வேலையும் சமமாகும் தன்மையைப் பற்றிய ஆராய்ச்சியுரைக்காக டாக்டர் பட்டம் பெற்றார். சில காலம் பிராங்பர்ட் நகரில் பணியாற்றியபின் 1863இல் யேனாவுக்கு ஆசிரியராக மீண்டார். ஆசிரியத் தகுதிக்கென அவர் அப்பொழுது எழுதிய நூல், அளவைகளில் நேரும் பிழைகள் எவ்வாறு பரவிக் கிடக்கும் என்பதைப் பற்றியது. பிழையை வெறுத்து ஒதுக்காமல் அதனை அளந்தறிய வேண்டும் என்னும் கொள்கை இளமையிலேயே அவரிடம் வேரூன்றி இருந்தது எனலாம்.

வில்லைகளின் குறை

அபே செய்த தொண்டினை அறிதற்கு, அக்காலத்து நுண்ணோக்கிகளின் நிலையை முதலில் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரு கண்ணாடி வில்லை, பொருளின் ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளிக்கதிர்கள் அனைத்தையும் மீண்டும் ஒரு புள்ளியிலேயே சேர்க்குமாயின் உருவம் தெளிவாக அமையும். ஆனால் கோள வடிவாகத் தீட்டப்பட்ட வில்லை அங்ஙனம் செய்வதில்லை. விளிம்பின் வழியாக வரும் கதிர்கள் ஓரிடத்திலும், நடுவின் வழியாக வரும் கதிர்கள் வேறோரிடத்திலும் குவிகின்றன. இதனைக் கோளப் பிறழ்ச்சி என்பர். மேலும் நீல ஒளியும் சிவப்பு ஒளியும் ஒரே அளவில் வளைவதில்லை. ஆதலின் உருவத்தைச் சுற்றி வண்ண விளிம்புகள் தோன்றும். இது நிறப் பிறழ்ச்சி எனப்படும்.

இருவகைக் கண்ணாடிகளை இணைத்து நிறப் பிறழ்ச்சியைக் குறைக்கும் வழி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தொலைநோக்கிகளுக்குப் பயன்பட்டது. இலண்டன் மாநகரில் மது வாணிகம் செய்துவந்த ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் என்பார், ஒரு வில்லைத் தொகுதியின் கோளப் பிறழ்ச்சியை மற்றொரு தொகுதியால் ஈடு செய்யும் முறையை 1830இல் வெளியிட்டார். அறுவைச் சிகிச்சையில் கிருமி நாசினி முறையைப் புகுத்திய லிஸ்டர் பெருமகன் இவருடைய புதல்வரே. ஆயினும் மிகுந்த ஆற்றலுடைய நுண்ணோக்கிகளைச் செய்வதில் தொழிலாளரின் கைப்பழக்கமே அதன்பின்னும் துணையாக இருந்தது. பல வில்லைகளைத் தீட்டி வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்றை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்து, தெளிவான உருவம் தற்செயலாக அமையும்வரை முயல்வர். ஒரு நல்ல தொகுதி அமைந்தால் அதனைப் போன்ற மற்றொன்று அமையும் என்பதற்கு யாதொரு உறுதியும் இல்லை.

கார்ல் ஸைஸுடன் கூட்டு

யேனா நகரில் கார்ல் ஸைஸ் என்பார் 1846ஆம் ஆண்டு முதல் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தார். அவர் கருவிகள் நற்பெயர் பெற்றிருந்தன. 1866இல் அங்குச் செய்யப்பட்ட நுண்ணோக்கிகளின் தொகை ஆயிரத்தை எட்டியது. ஆயினும் ஸைஸ் மனநிறைவு எய்தினாரில்லை. பாலம் கட்டுவோர் முன்னரே கணக்கிட்டுக் கட்டுகின்றனர். நுண்ணோக்கியை மட்டும் தடவித் தடவிச் செய்வது ஏன் என்னும் எண்ணம் அவரை வருத்தியது. அவ்வாண்டிலேயே அவர் இருபத்தாறு வயதினராகிய அபேயை அணுகி இப்பணியை ஒப்படைத்தார். தொழில் வல்ல முதியவரும் கணிதம் வல்ல இளைஞரும் கூடிய இக்கூட்டுறவு, விஞ்ஞான வரலாற்றில் பெரும்பயன் விளைத்தது.

அபே முதலில் அளத்தற்குரிய கருவிகளைச் செய்தார். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணை நுட்பமாகக் காட்டும் கருவி அவற்றுள் ஒன்று. அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. பின்னர் ஒவ்வொரு வில்லையின் வளைவும், தடிப்பும், இடைவெளியும் எவ்வளவு இருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டார்.

தோல்வியிற் பிறந்த உண்மை

இக்கணக்கின் முதற்பயன் ஏமாற்றமாகவே முடிந்தது. விளிம்புக் கதிர்களே பிறழ்ச்சிக்குப் பெருங்காரணம் ஆதலின், வில்லைக்குள் புகும் ஒளிக்கூம்பைக் குறுக்கினால் பிழை குறையும் என்பது அக்காலத்து அறிவுக்குப் பொருந்திய முடிவு. அபே அம்முறையில் வில்லைகளை வகுத்தார். கணக்கின்படி பிறழ்ச்சி குறைந்தது. ஆனால் உருவமோ தெளிவு பெறவில்லை. கைப்பழக்கத்தால் அமைந்த பழைய வில்லைகள், பிழை மிகுந்தவையாயினும் ஒளிக்கூம்பு அகன்றவையாதலின், அவற்றினும் நுண்ணிய கோடுகளைக் காட்டின.

வேறொருவராயின் கணிதத்தைக் கைவிட்டு மீண்டும் கைப்பழக்கத்தை நாடியிருப்பர். அபே அங்ஙனம் செய்யாமல், கணக்கில் விடுபட்டது யாது என்று தேடினார். ஒளியைக் கதிராக மட்டும் கொண்டு கணித்ததே குறை என்று கண்டார். ஒளி அலைவடிவினது. நெருங்கிய கோடுகளின் வழியே செல்லும் ஒளி நேராக மட்டும் செல்வதில்லை. இருபுறமும் விரிந்து பல கற்றைகளாகப் பிரிகின்றது. இதனை விளிம்பு விளைவு என்பர். கோடுகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவுக்குக் கற்றைகள் அகன்று விலகும். நேராக வரும் கற்றையும் பக்கத்திற் செல்லும் ஒரு கற்றையுமேனும் வில்லைக்குள் புகுந்து மீண்டும் ஒன்றுகூடினாலன்றி அக்கோடுகள் உருவத்தில் தோன்றா. ஒளிக்கூம்பைக் குறுக்கியபொழுது பிழையோடு பொருளின் செய்தியும் வெளியே தள்ளப்பட்டுவிட்டது. இதுவே முன்னைத் தோல்வியின் காரணம்.

இவ்வுண்மையை எளிய சோதனையால் அவர் மெய்ப்பித்தார். கண்ணாடித் தகட்டில் நெருங்கிய கோடுகளைக் கீறி நுண்ணோக்கியின்கீழ் வைத்து, வில்லையின் பின்புறத்தில் பக்கக் கற்றைகள் வந்து சேரும் இடங்களைத் தகட்டினால் மறைத்தார். உடனே கோடுகள் மறைந்தன. பார்வைப் புலம் வெறுமையாயிற்று. சில கற்றைகளை மட்டும் மறைத்தபொழுது, தகட்டில் உள்ளவற்றினும் இரு மடங்கு நெருங்கிய பொய்க் கோடுகள் தோன்றின. நாம் காணும் உருவம் பொருளின் நேரான நகல் அன்று, வில்லை ஏற்றுக்கொண்ட கற்றைகளால் புனையப்பட்டது என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வாராய்ச்சியை அபே 1873இல் வெளியிட்டார். எத்துணைத் திறமையாக வில்லையைச் செய்யினும், ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியினும் நெருங்கிய இரு புள்ளிகளை நுண்ணோக்கி பிரித்துக் காட்டமாட்டாது என்பது அதன் சாரம். அலைநீளத்தை, ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணும் ஒளிக்கூம்பின் பாதிக் கோணத்துச் சைனும் பெருக்கி வரும் தொகையின் இரு மடங்கால் வகுத்தால் அவ்வெல்லை கிடைக்கும். பச்சை ஒளிக்கு இது மிகச் சிறந்த வில்லையிலும் ஏறத்தாழ 200 நானோமீட்டர், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு ஆகும்.

அதே ஆராய்ச்சியில் மற்றொரு விதியையும் அவர் கூறினார். நடுப்புள்ளிக்குக் கோளப் பிறழ்ச்சி நீங்கிய வில்லையும், பக்கத்துப் புள்ளிகளை வால்மீன்போல் நீட்டிக் காட்டுவதுண்டு. வில்லையின் எல்லாப் பகுதிகளிலும், புகும் கோணத்துச் சைனுக்கும் வெளிப்படும் கோணத்துச் சைனுக்கும் உள்ள விகிதம் ஒன்றாக இருப்பின் அக்குறை நீங்கும் என்பது அவ்விதி. சைன் விதி என வழங்கும் இதனை மீண்டும் நினைவு கூர்வதற்கு ஓரிடம் பின்னர் வரும்.

எண்ணெயும் கண்ணாடியும்

எல்லை இதுவென அறிந்தபின், அவ்வெல்லைவரை செல்லுதற்குத் தடையாக நின்ற பிழைகளை ஒவ்வொன்றாகக் களைய அபே முற்பட்டார். 1872இலேயே ஸைஸ் தொழிற்சாலையின் வில்லைகள் அவர் கணக்கின்படி செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன. ஒளிகுவிக்கும் கண்டென்சரும் அக்காலத்தினதே. 1876இல் அவர் தொழிற்சாலையின் பங்காளியாகவும் ஆயினார்.

பொருளை மூடும் கண்ணாடிக்கும் வில்லைக்கும் இடையே காற்று இருப்பின், சாய்ந்து வரும் கதிர்கள் வளைந்து வெளியே போய்விடும். அவ்விடத்தைக் கண்ணாடிக்கு ஒத்த ஒளிவிலகல் எண் உடைய திரவத்தால் நிரப்பலாம் என்று இலண்டனைச் சேர்ந்த ஸ்டீபன்சன் என்பார் ஒரு கருத்துரைத்தார். அபே அதனை ஏற்றுப் பல திரவங்களைச் சோதித்துத் தேவதாரு எண்ணெயைத் தேர்ந்தெடுத்து, 1878இல் எண்ணெய் தோய் வில்லைகளை அமைத்தார். இதனால் கூம்பு அகன்றது. இரு ஊடகங்கள் மாறும் இடத்தில் எழும் கோளப் பிறழ்ச்சியும் அகன்றது. இவ்வில்லைகளையும் அபே கண்டென்சரையும் கையாண்டவருள் முதன்மையானவர் ராபர்ட் கோக். 1882இல் அவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். எத்தனையோ குடும்பங்களை அழித்த கொடுநோய்க்குக் காரணம் கண்ணால் காணப்பட்டது எனின், அதற்குப் பின்னே யேனாவில் நடந்த கணக்கும் நிற்கின்றது என்பதை மறத்தல் ஆகாது.

நிறப் பிறழ்ச்சி மட்டும் முற்றும் நீங்கவில்லை. இரண்டு நிறங்களை ஒன்றுசேர்த்தால் மூன்றாவது விலகி நின்றது. கைக்குக் கிடைத்த கண்ணாடிகளின் இயல்பே அதற்குக் காரணம் என்று அபே உணர்ந்து, புதுவகைக் கண்ணாடி வேண்டும் என எழுதினார். வெஸ்ட்பாலியாவில் கண்ணாடித் தொழிற் குடும்பத்திற் பிறந்த ஓட்டோ ஷாட் என்னும் இளம் ரசாயன வல்லுநர் 1879இல் தாம் உருக்கிய புதுக் கண்ணாடியை அவருக்கு அனுப்பினார். அம்முதற் கண்ணாடி பயன்படவில்லை. ஆயினும் அபே அவ்விளைஞரை ஊக்கினார். போரிக அமிலமும் பாஸ்பாரிக அமிலமும் சேர்த்துச் செய்த சோதனைகள் பலன் தந்தன. 1884இல் ஷாட், அபே, ஸைஸ், ஸைஸின் புதல்வர் ஆகியோர் கூடி யேனாவில் கண்ணாடி ஆராய்ச்சிசாலை ஒன்றை நிறுவினர். அங்குப் பிறந்த கண்ணாடிகளையும் புளோரைட்டு என்னும் கனிமத்தையும் கொண்டு, மூன்று நிறங்களையும் ஒருங்கு சேர்க்கும் அபோக்ரொமாட் வில்லைகளை 1886இல் அபே வெளியிட்டார். கணிதம் தொடங்கி இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. இவ்வரிய நுண்ணோக்கிச் சாதனங்களுக்கு அவர் தனியுரிமை கோரினாரில்லை. நோய் தீர்க்கவும் அறிவு வளர்க்கவும் உதவுவதைப் பூட்டி வைத்தல் தகாது என்பது அவர் கொள்கை.

தொழிலாளர்க்குச் செய்த நன்மை

நிற்க, அபேயின் வாழ்க்கையில் மற்றொரு பகுதியும் உண்டு. 1888இல் கார்ல் ஸைஸ் காலமானார். அப்பொழுது அபே பெருஞ்செல்வர். பெர்லின் நகரில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளிக்க முன்வந்த பதவியையும் முன்னரே மறுத்து யேனாவிலேயே தங்கியிருந்தார். தொழிற்சாலையின் ஆக்கம் முழுதும் தமக்கும் தம் குடும்பத்துக்கும் உரியதாதல் முறையன்று எனக் கருதி, 1889இல் கார்ல் ஸைஸ் அறநிலையம் என்பதனை ஏற்படுத்தினார்; 1891இல் தம் உடைமைப் பங்குகளை அதற்கே எழுதிவைத்தார். அதற்குத் தம் பெயரை இடாமல் மறைந்த நண்பரின் பெயரையே இட்டார்.

1896இல் அவர் வகுத்த விதிகள் இன்று படிப்போர்க்கும் வியப்பளிப்பன. ஒருவனை வேலைக்கு அமர்த்துவதிலும் உயர்த்துவதிலும் அவன் பிறப்பு, சமயம், அரசியற் கட்சி என்பவற்றைப் பார்த்தல் ஆகாது. ஊதியத்தோடு கூடிய விடுமுறை, இலாபத்தில் பங்கு, முதுமையில் உபகாரச் சம்பளம், வேலையினின்று விலக்கப்படுவோர்க்கு ஈட்டுத்தொகை ஆகியன தொழிலாளர்க்கு உரிமையாக அளிக்கப்பட்டன. நிருவாகத் தலைவரின் சம்பளமும் சராசரித் தொழிலாளியின் ஊதியத்தில் பத்து மடங்குக்கு மேற்படல் ஆகாது என்று வரம்பு கட்டினார். யேனா சர்வகலாசாலையின் வளர்ச்சிக்கும் நகரத்து மக்களின் நன்மைக்கும் பொருள் ஒதுக்கப்பட்டது.

1900இல் வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார். உற்பத்தி குன்றும் எனப் பலர் அஞ்சினர். அபே வாதத்தில் இறங்காமல் அளக்கத் தொடங்கினார். செய்த வேலைக்குத் தக்கவாறு கூலி பெறும் 233 தொழிலாளரின் கணக்கை, மாறுதலுக்கு முன் ஓராண்டும் பின் ஓராண்டும் ஒப்பிட்டார். எட்டு மணி நேரத்தில் விளைந்த வேலை, முன்பு ஒன்பது மணி நேரத்தில் விளைந்ததற்குக் குறையவில்லை. சிறிது மிகுந்தே இருந்தது. நூற்பாலையில் நின்றவாறே உண்ட தந்தையாரின் தளர்ந்த உடம்பை அவர் மறந்தாரில்லை. அதனையும் விதியின் விளைவாகக் கொள்ளாமல், திருத்தத்தக்க ஒரு குறையாகவே கொண்டார்.

இடைவிடா உழைப்பால் உடல்நலம் குன்றி 1903இல் பணியினின்று ஓய்வு பெற்றார். 1905ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 14ஆம் நாள், தம் அறுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கையில், யேனாவில் உயிர் நீத்தார். 1911இல் அந்நகரத்தார் அவருக்கு நினைவு மண்டபம் ஒன்று எடுத்தனர். அவர் கண்ட எல்லையின் சூத்திரமும் அந்நகரில் கல்லிற் பொறிக்கப்பட்டு நிற்கின்றது.

அபேக்குப் பின்

கல்லில் வெட்டப்பட்ட அவ்வெல்லை பின்னர் என்னவாயிற்று என்பதை அறிய விழைவோர் உளர். அபே தாமே, தாம் கூறிய எல்லை தம் காலத்து அறிந்த முறைகளுக்கு உரியதே என்றும், வருங்காலத்தில் வேறு வழிகள் பிறக்கலாம் என்றும் 1870களில் எழுதியிருந்தார். அது மெய்யாயிற்று. ஒளிரும் மூலக்கூறுகளைப் பொருளில் சேர்த்து, அவை அனைத்தும் ஒருங்கே ஒளிராமல் சில ஒளிரவும் சில அவிந்திருக்கவும் செய்தால், நெருங்கிய இரண்டையும் வேறு வேறு வேளையில் பிரித்தறியலாம் என்பது புதிய வழி. ஸ்டீபன் ஹெல் என்பார் 1994இல் இதற்கு ஒரு முறை கூறினார். வளையம் போன்ற ஓர் ஒளிக்கற்றை சுற்றியுள்ள மூலக்கூறுகளை அவித்துவிட, அதன் இருண்ட நடுவிடம் மட்டும் ஒளிரும். எரிக் பெட்ஸிக் முதலியோர் 2006இல், மூலக்கூறுகளைச் சிறிது சிறிதாக ஒளிரச் செய்து ஒவ்வொன்றின் இடத்தையும் கணித்துச் சேர்க்கும் முறையை நிறைவேற்றினர். இதனால் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள நுட்பமும் புலனாயிற்று. 2014இல் இவ்விருவர்க்கும் வில்லியம் மோர்னர்க்கும் ரசாயனத்திற்குரிய நோபெல் பரிசு கிடைத்தது. அபேயின் சூத்திரம் பொய்க்கவில்லை. அஃது ஆட்சி செய்யாத பக்கவழி ஒன்று திறந்தது.

அவ்வழி திறந்தபின் அபே தம் வாழ்நாளில் போராடிய பழைய பிறழ்ச்சிகளே மீண்டும் முன்வந்து நின்றன. 200 நானோமீட்டர் வரை காணும் கருவியில் புலப்படாது மறைந்திருந்த சிறு பிழை, 20 நானோமீட்டர் வரை காண முயலும் கருவியில் பெரும்பிழையாகின்றது. தட்டையான உருவம் மட்டும் அன்றி உயிரணுவின் ஆழத்தையும் சேர்த்து முப்பரிமாணத்தில் காண விழையின் இடர் மேலும் மிகும். வில்லையும் எண்ணெயும் கண்ணாடியும் ஏறத்தாழ 1.52 என்னும் ஒளிவிலகல் எண் உடையன. உயிரணுவோ பெரும்பகுதி நீர். நீரின் எண் 1.33. ஆதலின் ஆழம் செல்லச் செல்லக் கோளப் பிறழ்ச்சி வளர்கின்றது. அபேயின் சைன் விதிக்கு அமைந்த வில்லையும் ஒரு குறித்த தளத்தையே பழுதறக் காட்டும். அத்தளத்துக்கு மேலும் கீழும் உள்ளவற்றை அவ்வாறு காட்டாது. ஒரு விதிக்கு இணங்கியதனாலேயே மற்றொன்றை இழக்க நேர்கின்றது. வளைய ஒளியின் இருண்ட நடுவிடத்தில் பிறழ்ச்சியால் சிறிது ஒளி கசிந்தாலும், ஒளிர வேண்டிய மூலக்கூறே அவிந்துபோகும்.

இக்குறையைத் தீர்க்கக் கருவியின் ஒளிப்பாதையில், உருவம் மாறவல்ல ஆடி ஒன்றை வைக்கின்றனர். அதன் பின்புறத்திலுள்ள சிறு உந்திகள் ஆடியின் முகத்தை அங்கங்கே மிக நுண்ணிய அளவில் உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும். ஒளியலை எவ்வாறு கோணியுள்ளதோ அதற்கு நேர் மாறாக ஆடி கோணினால் பிழை ஈடாகின்றது. விண்மீன்களைக் காணும் தொலைநோக்கிக்கென ஹோரஸ் பாப்காக் 1953இல் கூறிய கருத்து இவ்வாறு நுண்ணோக்கிக்கும் வந்தது. அலையின் கோணலைப் பகுத்து, இவ்வளவு கோளப் பிறழ்ச்சி, இவ்வளவு வால்மீன் பிறழ்ச்சி என எண்ணால் கூறுதற்கு டச்சு அறிஞராகிய பிரிட்ஸ் ஸெர்னிகே 1934இல் வகுத்த கணித வரிசை துணை செய்கின்றது. ஆடி கொள்ள வேண்டிய வடிவத்தை அவ்வெண்களே தெரிவிக்கின்றன. ஒவ்வொரு ஆழத்துக்கும், ஒவ்வொரு உயிரணுவுக்கும் திருத்தம் வேறுபடுதலின் அத்திருத்தம் அவ்வப்போதே செய்யப்படுகின்றது.

இன்னும் ஒரு புதுமை. 2008இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் உருளை வடிவ வில்லை ஒன்றை வேண்டுமென்றே ஒளிப்பாதையிற் புகுத்தினர். அதனால் தளத்துக்கு மேலுள்ள புள்ளி ஒரு பக்கமாகவும், கீழுள்ள புள்ளி அதற்குக் குறுக்காகவும் நீண்டு தோன்றியது. அந்நீட்சியை அளந்து புள்ளியின் ஆழத்தை அறிந்தனர். அளந்தறியப்பட்ட பிழை இவ்வாறு அளவுகோலாகவும் ஆகின்றது. பிறவகைப் பிறழ்ச்சிகள் கலந்திருப்பின் இவ்வளவுகோல் பொய் கூறும். ஆகவே அவற்றை முன்னர்க் களைதல் இன்றியமையாததாகும்.

முடிவுரை

அபேயின் வாழ்க்கையை நோக்குவார்க்கு ஒன்று தெளிவாகும். குறை கண்டவிடத்து இருவகைத் தவறு செய்தல் மக்கள் இயல்பு. திருத்தக்கூடியதை ஊழ் என்று பொறுத்திருத்தல் ஒன்று. திருத்தவொண்ணாததோடு அறியாது போராடி வாழ்நாளை வீணாக்குதல் மற்றொன்று. இவ்விரண்டையும் வேறுபிரித்தறிதற்கு அபே கொண்ட வழி அளத்தலே. வில்லையின் பிழையை அளந்தார். அதனால் நீக்கவியலாத எல்லை புலப்பட்டது. தொழிலாளியின் உழைப்பை அளந்தார். அதனால் நீக்கக்கூடிய துன்பம் புலப்பட்டது. தம் கணக்குப் பொய்த்த வேளையில் கணக்கையும் விட்டாரில்லை, கண்ட காட்சியையும் மறைத்தாரில்லை.

கல்லூரி ஆய்வகங்களில் பயிலும் நம் மாணவர், சோதனை முடிவு நூலில் கூறியவாறு அமையாதபொழுது அதனை அழித்துவிட்டு ஏற்ற எண்ணை எழுதும் ஆசை கொள்ளல் இயல்பே. அவ்வேளையில் யேனா நகரத்து இளைஞரை நினைத்தல் நலம். பொருந்தாத அவ்வெண்ணே தேடிய பொருளினும் பெரிய பொருளுக்கு வழி காட்டுவதாகவும் இருக்கலாம். எல்லை இதுவென உண்மையாகக் கூறிச் சென்றவர் ஒருவர் இருந்தமையாலன்றோ, அவ்வெல்லையைக் கடக்கும் வழி எங்குள்ளது என்று பின்வந்தோர் தேட இயன்றது.